கிழக்குப் பார்த்து நின்ற லாரி

அன்று விடியற்காலையில் கதவைத் திறந்தபோது என் லாரி கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது.

வளைகுடாவில், தம்மாமிலிருந்து நான் கொண்டுவந்த கம்பளி அது. நடுவில் ஆளுயரப் புலி. வீட்டில் யாரும் அதைப் போர்த்தியதில்லை. எங்கள் ஊர்க் குளிருக்கு அதைப் போர்த்தினால் அவிந்துபோவோம். பல வருடமாகப் பீரோ மேல் சும்மா கிடந்த புலி, இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் படுத்து என்னை முறைத்தது.

"நாந்தான் போட்டேன்" என்றாள் என் மனைவி பகவதி. "இஞ்சினுக்குத் தடுமனா இருக்கும்னு மூப்பர் அண்ணன் சொன்னாவ."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தடுமன் என்றால் எங்கள் பக்கம் ஜலதோஷம். மூப்பர் என்பது பக்கத்து வீட்டு ஞானசிகாமணி அண்ணன். கிறிஸ்தவ சபையில் மூப்பர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் ஏறிச் சாவியைத் திருகினேன். இஞ்சின் முனகியது, இருமியது, ஒருவழியாகப் பிடித்தது. பிடித்த பிறகுதான் கொடுமை. வண்டி முழுக்க உதறியது. கியர் கம்பி சாமியாடியது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி மூப்பர் வீட்டு முற்றத்தை மூடியது. முன்னால் புலிக்கு உயிர் வந்து, காது இரண்டையும் ஆட்டியது. தெருநாய் ஒன்று அதைப் பார்த்துவிட்டு வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது.

கொஞ்ச நேரம் இந்தக் கூத்து. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல இஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. பகல் முழுக்க ஓட்டினாலும் ஒரு குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் மறுபடியும் உதறல், மறுபடியும் புகை.

சூடாகிவிட்டால் தங்கம். ஆறிக் கிடந்து எழுந்தால் பிசாசு.

ஆறாத இஞ்சின்களின் நாடு

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் லாரியைத் தெரியும். அது வீட்டுக்கு வந்த அன்று பகவதி ஆரத்தி எடுத்ததையும், கீழே வைத்த ஆரத்தித் தட்டின் மேலேயே நான் வண்டியை ஏற்றியதையும் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே வரி: வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிய நான், போதும் என்று ஊருக்கு வந்து, பழைய லாரி ஒன்றை வாங்கி, தோவாளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தம்மாமில் என்னை இஞ்சின் நிபுணன் என்பார்கள். நானும் மறுத்ததில்லை. ஆனால் என் ஞானம் முழுக்கச் சூட்டைப் பற்றியது. ரேடியேட்டர் கொதித்தால் என்ன செய்ய வேண்டும், டயர் உருகினால் என்ன செய்ய வேண்டும், ஸ்டீயரிங்கைத் தொட முடியாவிட்டால் எந்தத் துணியால் பிடிக்க வேண்டும், எல்லாம் தெரியும். ஆறின இஞ்சினை நான் அந்த நாட்டில் பார்த்ததே இல்லை. ஷிப்டு மாறும், ஆள் மாறும், இஞ்சின் மட்டும் அணையாது.

ஆகவே என் நிபுணத்துவம் இங்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றடிக்கும் ஒரு முடுக்கில், அதாவது குறுகலான சந்தில், கால்காசுக்குப் பெறவில்லை.

விளையாட்டாகச் சொல்கிறேன், ஆனால் அன்றைக்கு அது விளையாட்டாக இல்லை. தம்மாமில் என் பழைய ஃபோர்மேன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தஞ்சாவூர்க்காரர், நல்ல மனிதர். "விசா ரெடியா இருக்கு, சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு" என்பதே அவர் பல்லவி. லாரி ஓடினால் நான் ஊரில். லாரி படுத்தால் பூ லோடு போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குப் போக விருப்பம் இல்லை. ஒரு துளிகூட இல்லை.

பகவதியிடம் கேட்டேன். "ஒங்க இஷ்டம்" என்றாள். இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தவனுக்குப் பெண்டாட்டியின் "ஒங்க இஷ்டம்" எந்த இஷ்டம் என்று எப்படித் தெரியும்? நான் வீட்டில் இருப்பது அவளுக்கு இடைஞ்சல் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

லெப்ட் மட்டும் வருகு

கம்பளி பலிக்கவில்லை என்றதும் மூப்பர் அண்ணன் தாமே நேரில் ஆராய வந்தார். இஞ்சின் உதறும்போது இடுப்பில் கைவைத்து நின்று, கண்ணை மூடி, வலது காலால் தரையில் தட்டினார்.

"லே தாணு, இது லெப்ட் மட்டுந்தான் வைக்கி. ரைட்டைக் காணல்ல."

"அண்ணே, ஆறு சிலிண்டர்."

"ஆறு பேரு நடந்தாலும் லெப்ட் ரைட்டுதானே மக்கா?"

 உண்மையில் அவர் காது பிழையில்லாமல்தான் கேட்டிருந்தது. துடிப்பு விட்டு விட்டுத்தான் வந்தது. ஏன் விடுகிறது என்பதற்கு அவருடைய வைத்தியம்தான் வேறு மாதிரி. தடுமனுக்கு ஆவி பிடிக்க வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் அவர் வீட்டு அம்மா ஒரு பெரிய அண்டாவில் நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். மூப்பர் அண்ணன் ஒரு சுருக்கமான ஜெபம் செய்தார். பகவதி ஒரு முழம் பிச்சிப்பூவைக் கண்ணாடியில் தொங்கவிட்டாள். அண்டாவை இஞ்சினுக்கு அடியில் தள்ளி, புலியைப் போர்த்தி மூடினோம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். மறுநாள் ஒரே திருகலில் வண்டி கிளம்பியது. உதறல் இல்லை, புகை இல்லை.

ஊரில் நொச்சி இலைக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! டீக்கடையில் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளுக்கும் ஆவி கொடுக்கலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார்.

ஆனால் அதற்கு அடுத்த நாள் மறுபடியும் பிசாசு. ஆவி கொடுத்தும் பிசாசு. "எல பழசு" என்றார் மூப்பர் அண்ணன்.

ஒரு விஷயத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அந்த ஒரே ஒரு நல்ல நாளுக்கு முந்தைய சாயங்காலம், மூப்பர் வீட்டு மதில் வேலைக்கு மணல் அடித்து முடுக்கை மறித்திருந்தார்கள். லாரியைக் குளத்தங்கரை ரோட்டில் நிறுத்திவிட்டு, அண்டாவை அங்கே தூக்கிக்கொண்டு போய்த்தான் ஆவி கொடுத்தோம்.

டைட்டஸ் சொன்ன வெள்ளம்

அடுத்து நாகர்கோவிலில் டைட்டஸின் ஒர்க்‌ஷாப். டைட்டஸ் மேற்கே கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரன். நல்ல மெக்கானிக். அவன் பேசும்போது பாட்டா பேச்சா என்று சந்தேகம் வரும்.

இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். தளர்த்தியதும் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் அதுதான் திருடன். ஆறும் இறங்கின. ஆறும் யோக்கியர்கள்.

"அண்ணா, டீசல்ல வெள்ளம் காணும்" என்றான். அவன் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர், அவ்வளவுதான். டாங்கைக் கழுவினான். ஃபில்டரை மாற்றினான். வண்டி ஒரு ராத்திரி அங்கேயே நிற்கட்டும், காலையில் பார்ப்போம் என்றான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஃபோர்மேனின் குரல் செய்தி வந்தது. நானும் அவசரத்தில், "வண்டியில வெள்ளம் கேறிட்டு சார், அந்த அலைச்சல்ல இருக்கேன், பிறகு கூப்பிடுகேன்" என்று பதில் அனுப்பினேன். பகல் முழுக்க டைட்டஸோடு இருந்ததில் அவன் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீடு போய்ச் சேர்வதற்குள் அவரிடமிருந்து வரிசையாகச் செய்திகள்.

"அய்யய்யோ! வெள்ளமா? டிவியில சொல்லவே இல்லையே!"

"குடும்பத்தோட மேட்டுக்குப் போயிடு. வண்டி போனாப் போகுது."

"நீ கவலைப்படாதே. நிலைமையைச் சொல்லி உன் டிக்கெட்டை அவசரமாப் போடச் சொல்லிட்டேன்."

நான் விளக்க முயன்றேன். அடக்கத்தால் மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் அந்த நல்ல மனிதர். கேம்ப்பில் எனக்காகப் பழைய துணி சேகரிப்பதாகவும் தெரிந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல அத்தனை அடக்கம். டைட்டஸ் கையைத் துடைத்துக்கொண்டான். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முடுக்கில் நிறுத்தினேன். அடுத்த காலை உதறல், புகை, மூப்பர் அண்ணனின் லெப்ட்.

டைட்டஸுக்குப் போன் செய்தேன். "அண்ணா, இஞ்ச நல்லாத்தானே நின்னுது! ஒங்க வீட்டில என்னமோ அதுக்குப் பிடிக்கல்ல" என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வீட்டில் என்னைத் தவிர வேறு என்ன இருக்கிறது பிடிக்காமல் போக?

கல்யாணப் பெண்ணின் தலை

தோவாளையில் எனக்கு லோடு கொடுக்கும் பூக்கடை முதலாளி அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"வோய் தாணு, இஞ்ச வாரும். திருவனந்தபுரத்துலேருந்து ஒரு பரிதாபமான போனு. கல்யாணப் பொண்ணு தலையில டீசல் மணமாம்."

எங்கள் பக்கம் நாற்றத்துக்கும் மணம்தான். காலையில் புகைந்த புகையெல்லாம் தார்ப்பாயில் பிடித்து, தார்ப்பாயிலிருந்து பிச்சிப்பூவில் பிடித்து, பிச்சிப்பூவிலிருந்து எங்கோ ஒரு மணப்பெண்ணின் கொண்டைக்குப் போயிருக்கிறது. மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்தவர் தும்மிக்கொண்டே கட்டினாராம்.

"சனிக்கிழமை பெரிய முகூர்த்தம். அன்னைக்கு லேட்டானாலும் சரி, பூ மணத்தாலும் சரி, வேற வண்டி பாத்துருவேன். வருத்தப்படப்பிடாது."

பூ மணத்தால் வேறு வண்டி பார்ப்பேன் என்று உலகத்தில் எந்தப் பூ வியாபாரியும் சொல்லியிருக்க மாட்டார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொத்தனாரின் குழாய்

வியாழக்கிழமை சாயங்காலம் டைட்டஸ் தானே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். ரோஷக்காரன். "இன்னைக்கு இஞ்சயேதான் படுப்பேன். காலம்ப அது என்ன செய்யுதுன்னு என் கண்ணால காணணும்" என்றான்.

டாங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் டீசல் வழியில் உள்ளே நடப்பது தெரிய வேண்டும், அதற்குக் கண்ணாடிபோல ஒரு குழாய் வேண்டும் என்றான். அந்த நேரத்தில் கடைக்கு எங்கே போவது? மூப்பர் வீட்டு மதில் ஓரமாகக் கிருஷ்ணன் கொத்தனாரின் மட்டக்குழாய் சுருண்டு கிடந்தது. தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்ப்பார்களே, அந்தக் குழாய். டைட்டஸ் அதன் முனையில் ஒரு துண்டை அறுத்து வண்டியில் மாட்டிவிட்டான். இஞ்சினை ஓட்டிக் காட்டினான். குழாய் நிறைய டீசல். அணைத்தோம். அப்படியே விட்டோம்.

காலையில் பார்த்தால் குழாய் வெறுமை. ஒரு சொட்டு இல்லை.

டைட்டஸ் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "டீசல் எல்லாம் திரும்ப டாங்குக்கே போயிட்டு. எங்கயோ காத்து கேறுது. அதனாலதான் காலம்ப காத்தைக் குடிச்சிட்டு விக்குது. ஆனா எதுக்கு திரும்பிப் போணும்? எங்க ஒர்க்‌ஷாப்பில போகல்லயே?"

அப்போதுதான் கொத்தனார் வந்தார். குழாயைக் கையிலெடுத்தார். அறுபட்ட முனையைப் பார்த்தார். அவர் பேசியதில் அச்சிடத் தக்கது இவ்வளவுதான்:

"எவன்டே என் மட்டத்த அறுத்தது? நேத்துதான் இந்த முடுக்கு நீளத்துக்கும் மட்டம் பிடிச்சு வச்சிருக்கேன்! கிழக்க பொத்தைப் பக்கம் ஒரு முழம் ஏத்தம். இத வச்சி நான் எப்படி மதிலு கெட்டுவேன்?"

டைட்டஸ் மெதுவாக நிமிர்ந்தான்.

"ஒரு முழமா?"

"பின்ன? இந்த முடுக்குல ஒரு பந்த வச்சா மேக்க கடைசி வீட்டு வாசலுக்கு ஓடிருமே."

டைட்டஸ் லாரியைப் பார்த்தான். லாரி கிழக்கே, பொத்தை என்கிற அந்தச் சின்னப் பாறைக் குன்றைப் பார்த்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் ஒர்க்‌ஷாப் ரோட்டிலிருந்து இறக்கத்தில் இருக்கிறது. அங்கே வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும். குளத்தங்கரையில் சமதரை. மேடு ஏறி நின்றால் மட்டும்தான் டீசல் பின்னுக்கு வடிகிறது.

குளிருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கம்பளி, நொச்சி, ஜெபம், பூ எல்லாம் வீண். என் லாரிக்குத் தடுமனே இல்லை.

"சோலி தீந்துது அண்ணா" என்றான் டைட்டஸ். "வண்டிய மேக்க பாத்து நிறுத்துங்க. வேற ஒரு மண்ணும் வேண்டாம்."

மேற்கே என்ன இருக்கிறது

அந்தக் கணமே ஏறி, முன்னும் பின்னுமாக ஒடித்து, வண்டியைத் திருப்பி மேற்குப் பார்த்து நிறுத்தினேன். இறங்கும்போது பகவதி காப்பித் தம்ளர்களோடு வாசலில் நின்றாள்.

"திருப்புங்கோ" என்றாள்.

"நோய் தெரிஞ்சு போச்சுட்டி! இப்படி நின்னாப் போரும்."

"திருப்புங்கோன்னு சொல்லுகேன்லா!"

லாரி வந்த அன்றே, கிழக்குப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் அவள். சூரியனைப் பார்த்து நிற்கட்டும் என்றாள். சாமி காரியம் என்று நானும் எதிர்த்துப் பேசவில்லை. இப்போது பேசினேன். மெக்கானிக் முன்னால், கொத்தனார் முன்னால், மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்த மூப்பர் அண்ணன் முன்னால், உன் சாஸ்திரத்தால்தான் என் பிழைப்பு போகப் பார்த்தது என்று கத்தினேன்.

"சாஸ்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். தம்ளர்களைத் திண்டில் வைத்தாள். "நீங்க லீவுக்கு வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் ஏர்போட்டுக்குப் போற காரு இந்த வாசல்ல மேக்க பாத்துதான் நின்னுது. ஒரு தடவைகூட வேற பக்கம் பாத்து நிக்கல்ல. இந்த வாசல்ல இனி ஒரு வண்டி மேக்க பாத்து நிக்கப்பிடாது. அவ்வளவுதான்."

மூப்பர் அண்ணன் மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டார். கொத்தனார் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"போவாதீங்கன்னு வாயத் தொறந்து சொன்னா என்னட்டி?" என்றேன். "ஒங்க இஷ்டம்னுதானே சொன்ன?"

"சொல்லித்தான் தெரியணுமாக்கும்! தெனமும் ஒரு லாரிய வாசல்ல நிறுத்தி வச்சிருக்கேன், அது போராதா?"

நான் மறுபடி ஏறி வண்டியைக் கிழக்கே திருப்பினேன். ஸ்டீயரிங் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

"டைட்டஸே, வண்டி இப்படியேதான் நிக்கும். காத்து எங்க கேறுதுன்னு கண்டுபிடி."

"அண்ணா, அதுக்கு எல்லா ஜாயிண்டும் அழிக்கணும்." அழிக்க என்றால் அவன் ஊரில் கழற்றுவது.

"அழி."

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அழித்துவிட்டான். ஃபில்டருக்குப் போகும் இணைப்பில் ஒரு செம்பு வாசர். நாலணாக் காசு அளவு. அதில் தலைமுடிபோல ஒரு கீறல். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, உள்ளே காற்று மட்டும் போகும். புதிது போட்டான். அறுத்த குழாய்த் துண்டைக் கொத்தனாரிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்தான். அவர் அதைச் சுத்தியலால் தட்டியே ஒட்டப் பார்த்தார். மூப்பர் வீட்டு மதில் இன்றும் ஒரு பக்கம் சற்று உயரம்தான். கேட்டால், அது டீசல் மட்டம் என்பார்.

சனிக்கிழமை விடியற்காலையில் மொத்த முடுக்கும் வாசலில் நின்றது. லாரி கிழக்கே மூக்கைத் தூக்கி நின்றது. சாவியைத் திருகினேன். ஒரே பிடி. உதறல் இல்லை, புகை இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மூப்பர் அண்ணன் கண்ணை மூடிக் காலைத் தட்டினார். "லெப்ட், ரைட்! லெப்ட், ரைட்! ஸ்தோத்திரம்!" என்று கத்தினார்.

தோவாளையில் முதலாளி ஒரு பிச்சிப்பூக் கட்டைத் தூக்கி முகர்ந்தார். "மணமே இல்ல. எடுத்துட்டுப் போம்" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, வண்டியை வழக்கம்போல நிறுத்தி, அணைக்காமல் ஃபோர்மேனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். பேசவில்லை. இஞ்சின் ஓடும் சத்தத்தை மட்டும் பதிந்து அனுப்பினேன். அவரும் வண்டிக்காரர். புரிந்துகொள்வார் என்று தெரியும்.

பகவதி புலியை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். போன் சிணுங்கியது.

"ஆரு?"

"ஃபோர்மேன். வண்டி நல்லா ஓடுதே, அப்ப நீ வரலன்னு அர்த்தமான்னு கேக்காரு."

"வேற?"

"வெள்ளம் வடிஞ்சிட்டான்னு கேக்காரு."

அவள் புலியைத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வடிஞ்சிட்டுன்னு சொல்லுங்கோ" என்றாள்.